நாளைக்கு மழை வருமா? – ஸ்மார்ட் போர்டும் ரெண்டு லிட்டர் பாட்டிலும்



"சார், நாளைக்கு லீவா?"

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் பள்ளியில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நாகமலைப் பக்கம் லேசாகக் கறுத்தால் போதும், பின் பெஞ்சில் இருந்து இந்தக் குரல் வந்துவிடும். எங்கள் புவியியல் சார் இதற்குப் பதில் சொல்லவே மாட்டார். "நீயே பார்த்துச் சொல்லு" என்று ஸ்மார்ட் போர்டை ஆன் பண்ணிவிடுவார். அப்படிப் பார்த்துப் பார்த்து நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் இந்தச் சுவர் இதழில் எழுதியிருக்கிறேன். கையெழுத்து என் தோழியுடையது. ஓரத்தில் உள்ள மேகப் படம் பத்தாம் வகுப்புத் தம்பி வரைந்தது. தப்பு இருந்தால் அது மட்டும் என்னுடையது.

முதலில் எங்கள் வீட்டுக் கதை ஒன்று. அதைச் சொன்னால்தான் இந்தப் பாடத்தில் எனக்கு ஏன் இவ்வளவு ஆர்வம் வந்தது என்று புரியும்.

எங்கள் பெரியப்பா நெல் போடுகிறவர். போன வருஷம் அறுவடை முடிந்து களத்தில் நெல்லைக் காயப் போட்டிருந்தார். காலையில் செல்போனைக் காட்டி, "ஏ ஆத்தா, இதுல என்ன போட்டிருக்கு, பாரு" என்றார். நான் பார்த்தேன். சூரியன் படம் போட்டு, பக்கத்தில் குட்டி மேகம் இருந்தது. "மழை இல்ல பெரியப்பா" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கு வந்துவிட்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு இடியும் மின்னலுமாக ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. தார்ப்பாயை எடுத்து வருவதற்குள் பாதி நெல் நனைந்துவிட்டது. மூன்றாம் நாள் கையில் அள்ளிப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக முளை. பெரியப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "போன்ல போட்டது பொய்யாப் போச்சு, நீ என்ன பண்ணுவ" என்றார். அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

இந்தக் கதையை வகுப்பில் சொன்னபோது சார் சிரிக்கவில்லை. "போன் பொய் சொல்லல. நீ அதுகிட்ட தப்பான கேள்வி கேட்டுட்ட" என்றார்.

எப்படி என்றால், செல்போனில் 'சமயநல்லூர்' என்று போட்டிருந்தாலும் நம் ஊரில் யாரும் வெப்பமானி வைத்து அளந்து அதில் போடவில்லை. பெரிய கம்ப்யூட்டர்கள் பூமி முழுவதையும் கிராப் தாள் மாதிரி கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்று, ஈரம், வெப்பம் எல்லாவற்றையும் கணக்குப் போடுகின்றன. ஐரோப்பியர்களின் பெயர்பெற்ற மாதிரியில் ஒரு கட்டம் சுமார் 9 கிலோமீட்டர். சமயநல்லூர், பரவை, கூடல்நகர் எல்லாம் ஒன்றிரண்டு கட்டத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் நம் ஊர் சாயங்கால இடிமழையோ இரண்டு மூன்று கிலோமீட்டர் அகலத்துக்குக்கூட வரும். ஸ்டேஷன் பக்கம் கொட்டும், பரவை மார்க்கெட்டில் தூறல்கூட இருக்காது. அந்தச் சின்ன மேகம் கம்ப்யூட்டர் கட்டத்தின் கண்ணில் சரியாகப் படாது. அதோடு, ஒரு நாள் முழுவதையும் ஒரே படத்தில் சொல்ல வேண்டும் என்றால் அதிக நேரம் வெயில் அடித்தால் சூரியன் படம்தானே வரும்? பெரியப்பாவின் நெல்லுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் முக்கியம்.

சரி, பிறகு எதைப் பார்ப்பது? சார் போர்டில் மூன்று ஜன்னல் திறந்து வைத்தார். ஒன்றில் செயற்கைக்கோள் படம், ஒன்றில் ரேடார், இன்னொன்றில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கை.

செயற்கைக்கோள் படம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஏமாற்றும்! நமக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுற்றும் வேகத்திலேயே தானும் சுற்றிக்கொண்டு இன்சாட்-3டிஆர் (2016-ல் ஏவியது), இன்சாட்-3டிஎஸ் (17.2.2024-ல் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஏவியது) ஆகியவை படம் எடுத்து அனுப்புகின்றன. அரை மணிக்கு ஒன்றாக வந்த படங்களை வரிசையாக ஓடவிட்டால், நோட்டு ஓரத்தில் படம் வரைந்து பக்கங்களை விர்ரென்று புரட்டுவோமே, அது மாதிரி மேகம் நகர்வது தெரியும். வங்கக் கடலில் இருந்து மேகக் கூட்டம் நம் பக்கம் வருவதைப் பார்த்ததும் வகுப்பே கை தட்டியது. "லீவுதான்டா!"

அன்று ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

காரணம் இதுதான். அகச்சிவப்புப் படம் என்பது மேகத்தின் நிறத்தைக் காட்டுவதில்லை, மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது. உயரம் போகப் போகக் குளிர் அதிகம் அல்லவா? அதனால் உயரத்தில் இருக்கும் எதுவும் வெள்ளையாகத் தெரியும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரம் வளர்ந்த இடிமேகமும் வெள்ளை. உயரத்தில் சல்லாத்துணி மாதிரி மிதக்கும், மழையே தராத கீற்றுமேகமும் வெள்ளை. நாங்கள் கை தட்டியது சல்லாத்துணிக்கு! இரண்டையும் பிரிக்க ஒரு வழி உண்டு. பகலில் எடுக்கும் சாதாரண ஒளிப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் பளீரென்று இருந்தால் அது கனமான மேகம். ஒன்றில் வெள்ளையாகவும் மற்றதில் மங்கலாகவும் இருந்தால் குடையை வீட்டில் வைத்துவிடலாம். ராத்திரியில் ஒளிப் படம் கிடைக்காது, இருட்டாக இருக்கும். அப்போது ரேடார்தான் துணை.

ரேடார் விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ரேடார் ஒரு நுண்ணலையை அனுப்பிவிட்டு, மழைத்துளியில் பட்டு அது திரும்பி வருவதைக் கேட்கிறது. கிணற்றுக்குள் கத்தினால் எதிரொலி வருகிறதே, அதேதான். துளி பெரிதாகவும் நிறையவும் இருந்தால் எதிரொலி பலமாக வரும். அதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் பிரித்துக் காட்டுவார்கள். 'டாப்ளர்' ரேடார் என்றால் இன்னும் ஒரு படி மேலே. ரயில்வே கேட்டில் நிற்கும்போது எக்ஸ்பிரஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தால் சத்தம் கீச்சென்று இருக்கும், நம்மைத் தாண்டியதும் சட்டென்று சத்தம் இறங்கிவிடும். கவனித்திருக்கிறீர்களா? அதே மாதிரி திரும்பி வரும் அலையில் உள்ள மாற்றத்தை வைத்து, மழைத்துளிகள் ரேடாரை நோக்கி வருகின்றனவா, விலகிப் போகின்றனவா, எவ்வளவு வேகம் என்று கண்டுபிடிக்கிறார்கள்.

இவ்வளவு நல்ல கருவி இருந்தும் ஒரு நாள் எங்களை அது கைவிட்டது. போர்டில் ரேடார் படம் சுத்தமாக இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே மழை பெய்கிறது! எல்லோரும் "ஓ"வென்று சிரித்தோம். சார் மேப்பை எடுத்து ஸ்கேல் வைத்து அளக்கச் சொன்னார். நமக்கு உதவும் பெரிய ரேடார்கள் காரைக்காலிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கின்றன. இரண்டுமே நம் ஊரில் இருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். திருவனந்தபுரத்துக்கும் நமக்கும் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை வேறு குறுக்கே நிற்கிறது. பூமி உருண்டை. ரேடார் அலையோ ஏறக்குறைய நேர்கோட்டில், கொஞ்சம் மேல்நோக்கிப் போகிறது. அது காரைக்காலில் கிளம்பி நம் தலைக்கு மேலே வந்து சேரும்போது தரையில் இருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டருக்கு மேலே இருக்கும். கொடைக்கானலே சுமார் 2,100 மீட்டர் உயரம்தான், அதைப் போல் இரண்டு மடங்கு! அதற்குக் கீழேயே பிறந்து கீழேயே பெய்து முடிந்துவிடும் குட்டி மேகத்தை அந்த ரேடார் எப்படிப் பார்க்கும்? மாடியில் நின்று எட்டிப் பார்ப்பவருக்குச் சுவர் ஓரத்தில் ஒளிந்தவன் தெரியாத மாதிரி. இதற்காகத்தான் ராமநாதபுரத்திலும் ஏற்காட்டிலும் புதிய ரேடார் அமைக்கத் தமிழக அரசு திட்டம் அறிவித்தது. ராமநாதபுரம் நமக்குப் பக்கம், அதனால் எனக்கு அதில் தனி ஆசை.

ரேடாருக்குத் தெரியாததைத் தரையில் இருந்துதான் அளக்க வேண்டும். இங்கேதான் ரெண்டு லிட்டர் பாட்டில் வருகிறது.

கூல்டிரிங்ஸ் பாட்டிலின் மேல் பகுதியை வெட்டி, அதைத் தலைகீழாகப் புனல் மாதிரி அதற்குள்ளேயே வைத்தால் மழைமானி ரெடி. அடிப்பக்கம் மேடு பள்ளமாக இருக்குமே? அதனால் கொஞ்சம் கூழாங்கல் போட்டு, பாட்டில் நேராகும் இடம் வரைக்கும் தண்ணீர் ஊற்றி அங்கே சைபர் என்று கோடு போட வேண்டும். அங்கிருந்து மேலே ஸ்கேல் ஒட்டினால் மில்லிமீட்டரில் படிக்கலாம்.

சொல்வது சுலபம், செய்யும்போதுதான் தெரிந்தது. எங்கள் அணி வேப்பமரத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். இன்னொரு அணி மைதானத்தில் வைத்தார்கள். ஒரே மழை, அவர்கள் அளவில் எங்களுடையது பாதிகூட இல்லை. ஒரு மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி மழைமானி இருக்க வேண்டுமாம். மூன்றாவது அணி அளக்கவே மறந்து, வெயிலில் ஆவியான பிறகு மறுநாள் மத்தியானம் போய்ப் பார்த்தது. அதைப் பற்றி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

அளக்கும் நேரம் காலை 8.30. நாடு முழுவதும் அதே நேரம். கிரீன்விச் நேரப்படி அது காலை 3 மணி. அந்த நேரத்தில் உலகெங்கும் வானிலை நிலையங்கள் தத்தம் அளவுகளைக் குறிக்கின்றன. பேப்பரில் "இன்று காலை 8.30 மணி நிலவரப்படி" என்று வருவதன் அர்த்தம் இதுதான். நேற்றுச் சாயங்காலம் பெய்த மழை இன்றைய தேதியில்தான் கணக்கு. ஸ்பெஷல் கிளாஸ் 8.30-க்கு என்பதால் எங்களுக்கு வசதியாகப் போயிற்று (ஸ்பெஷல் கிளாஸால் கிடைத்த ஒரே நன்மை என்று எழுதினால் டீச்சர் கோபிப்பார்கள்).

ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் 'இவ்வளவுதானா' என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் சரியாக 1 லிட்டர். ஒரு ஏக்கர் சுமார் 4,047 சதுர மீட்டர். அதில் 1 செ.மீ. பெய்தால் 40,470 லிட்டர்! 12,000 லிட்டர் லாரி மூன்று வந்து ஊற்றினாலும் போதாது.

இந்தக் கணக்கோடு 2024 அக்டோபர் 25-ஐ நினைத்துப் பாருங்கள். அன்றைக்கு டிவியில் எல்லாம் ஒடிசாவில் கரை கடந்த 'டானா' புயலைப் பற்றித்தான் பேச்சு. இங்கே மதுரையில் பிற்பகல் 3 மணியில் இருந்து 3.15-க்குள், வெறும் 15 நிமிஷத்தில், 4.5 செ.மீ. பெய்தது. அன்று மொத்தம் 9.8 செ.மீ. 15 நிமிஷ மழையை மட்டும் எடுத்தால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு நாலரைக் கோடி லிட்டர், அதாவது 3,750 லாரித் தண்ணீர். ஒரு பீரியடில் மூன்றில் ஒரு பங்கு நேரத்தில்! செல்லூர்க் கண்மாய்த் தண்ணீரை வைகைக்குக் கொண்டுபோகும் பந்தல்குடி கால்வாய் தாங்கவில்லை. செல்லூர், கட்டபொம்மன் நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். என் வகுப்புத் தோழி ஒருத்தியின் சித்தி வீடு அங்கேதான். புத்தகங்களைக் கட்டிலுக்கு மேலே, பிறகு பீரோவுக்கு மேலே என்று ஏற்றிக்கொண்டே போனார்களாம். ஒரு நாள் மழை எத்தனை செ.மீ. என்பது மட்டும் போதாது, எத்தனை நிமிஷத்தில் பெய்தது என்பதும் முக்கியம் என்று அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. அதற்குப் பிறகு பாட்டிலோடு ஒரு கடிகாரமும் வைத்துக்கொண்டோம்.

இப்போது மூன்றாவது ஜன்னல், அறிக்கை. இதைத்தான் நாம் யாரும் ஒழுங்காகப் படிப்பதே இல்லை. 'கனமழை' என்பது பேச்சு வழக்குச் சொல் இல்லை, அது அளவு. 24 மணி நேரத்தில் 6.45 செ.மீ.-க்கு மேல் போனால் கனமழை, 11.56 செ.மீ.-க்கு மேல் மிக கனமழை, 20.44 செ.மீ.-ஐத் தாண்டினால் அதி கனமழை. அதற்கு மேல் வகையே கிடையாது. 21 செ.மீ. பெய்தாலும் அதி கனமழைதான், 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்ததே, அதுவும் அதி கனமழைதான்! நம் மதுரைக்கு ஒரு வருஷம் பெய்வதை ஒரே நாளில் வாங்கிக்கொண்ட ஊர் அது.

அதே மாதிரி 'ஓரிரு இடங்களில்' என்றால் மாவட்டத்திலோ மண்டலத்திலோ உள்ள நிலையங்களில் கால் பங்குக்குள் என்று பொருள். 'ஒரு சில இடங்களில்' என்றால் கால் பங்கில் இருந்து பாதி வரை. பெரியப்பாவின் நெல் நனைந்த அன்று என்ன அறிக்கை என்று பழைய பேப்பரைத் தேடிப் பார்த்தேன். "ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை" என்று தெளிவாகவே இருந்தது. அந்த ஓரிரு இடத்தில் எங்கள் களமும் ஒன்று. காலையில் நான் இதைப் படித்திருந்தால், மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒரு தடவை வானத்தையும் மின்னலைக் காட்டும் 'தாமினி' செயலியையும் பார்க்கச் சொல்லியிருப்பேன். தார்ப்பாயை வீட்டில் வைக்காமல் களத்திலேயே வைத்திருப்பார்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு. இவை லீவு விளக்குகள் அல்ல! லீவு விடுவது கலெக்டர். இதைப் படித்த பிறகும் யாராவது 'ஆரஞ்சு அலர்ட், நாளை லீவு' என்று பார்வர்டு பண்ணினால் அவர்களோடு டூ.

எங்கள் வகுப்பில் ஒரு விளையாட்டு வைத்தோம். தினமும் கடைசிப் பீரியடில் ஒவ்வொருவரும் 'நாளை மழை வரும்', 'வராது' என்று எழுதித் தர வேண்டும். மறுநாள் பாட்டிலைப் பார்த்து மார்க். மாதக் கடைசியில் யார் முதல் தெரியுமா? எதையுமே பார்க்காமல் தினமும் 'வராது' என்று எழுதிய பின் பெஞ்ச் நண்பர்! மாசி மாதத்தில் வைத்தால் வேறென்ன நடக்கும்? நாங்கள் கத்தினோம். அப்போது சார் ஒரு பழைய கதை சொன்னார். 1884-ல் அமெரிக்காவில் ஃபின்லி என்பவர் சூறாவளிச் சுழல் காற்று வருமா வராதா என்று முன்னறிவித்து, தன் கணிப்பு நூற்றுக்கு 96.6 சரி என்று காட்டினாராம். பிறகு மற்றவர்கள் கணக்குப் போட்டால், கண்ணை மூடிக்கொண்டு எல்லா நாளும் 'வராது' என்றே சொல்லியிருந்தால் 98.2 கிடைத்திருக்கும்! அதனால் இப்போது எங்கள் விளையாட்டில் விதி மாறிவிட்டது. மழை வந்த நாட்களில் எத்தனையை நீ பிடித்தாய், எத்தனை முறை வீணாகப் பயமுறுத்தினாய் என்று தனித்தனியாக எண்ணுகிறோம். பின் பெஞ்ச் நண்பருக்கு இப்போது முட்டை.

கருவி என்றதும் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. அன்னா மாணி. 1918-ல் பீர்மேட்டில் பிறந்தவர். நம் ஊரில் இருந்து தேனி, கம்பம் வழியாக மலை ஏறினால் வரும் ஊர். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்து, லண்டனுக்குப் போய் வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றார். 1948-ல் திரும்பி வந்து இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்தார். அப்போது வெப்பமானி, காற்றழுத்தமானி என்று நிறையக் கருவிகள் வெளிநாட்டில் இருந்துதான் வரும். அவரும் அவரோடு வேலை பார்த்தவர்களும் ஏறத்தாழ நூறு கருவிகளுக்கு வரைபடம் போட்டு, ஒரே தரத்தில் இங்கேயே செய்ய வைத்தார்கள். தப்பாக அளப்பதைவிட அளக்காமல் இருப்பது மேல் என்பது அவருடைய எண்ணம் என்று சார் சொன்னபோது, நாங்கள் எல்லோரும் வேப்பமரத்தடிப் பாட்டிலைத் திரும்பிப் பார்த்தோம்.

கேரளாவில் புவியியல் பாடம் உள்ள இருநூறுக்கும் மேற்பட்ட மேல்நிலைப் பள்ளிகளில் அரசே வானிலை நிலையம் அமைத்துக் கொடுத்திருக்கிறது. காற்றுமானி, திசைகாட்டி, வெள்ளைப் பெட்டிக்குள் வெப்பமானி எல்லாம் உண்டாம். மாணவர்களே தினமும் குறிக்கிறார்கள். நம்மிடம் இருப்பது மூன்று பாட்டிலும் ஒரு ஸ்மார்ட் போர்டும். கரண்ட் போனால் மூன்று பாட்டில் மட்டும்.

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது பெரியப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "ஈசல் கிளம்புது, எறும்பு முட்டையத் தூக்கிட்டு அங்கிட்டு இங்கிட்டு ஓடுது, காத்து நின்னு இறுக்கமா இருக்கு. இது உங்க போர்டுல வருமா?" என்றார். காற்றில் ஈரம் ஏறுவதைத்தான் அவர் இறுக்கம் என்கிறார் என்று எனக்குப் புரிந்தது. ஈசலும் எறும்பும் போர்டில் வராது. அதற்கும் ஒரு பத்தி ஒதுக்கி, தினமும் பெரியப்பா சொல்வதையும் எங்கள் பதிவேட்டில் எழுதி வருகிறேன். அவர் பிடித்த நாட்கள் எத்தனை, விட்டது எத்தனை என்று பங்குனி முடிந்ததும் இதே சுவரில் ஒட்டுவேன். பெரியப்பாவுக்கு அந்த மார்க்கைப் பார்க்க ஆவல், வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார்.

மழைப் பட்டியல் இந்தத் தாளுக்கு வலது பக்கம் தொங்குகிறது. பென்சில் கட்டியிருக்கிறோம், எடுத்துப் போக வேண்டாம். அரையாண்டு விடுமுறையில் காலை 8.30-க்கு வந்து பாட்டிலைப் பார்க்க ஊருக்குள்ளேயே இருக்கும் நாலு பேர் தேவை. விருப்பம் உள்ளவர்கள் பதினோராம் வகுப்பில் என்னிடமோ புவியியல் சாரிடமோ பெயர் கொடுக்கவும். வேப்பமரத்தடிப் பாட்டிலை மைதானத்துக்கு மாற்றியாகிவிட்டது.